ஒரு ஆளுக்கு ஒரு வேலை

ஐயா, வணக்கம். வயது 46. துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை என்று தெரிந்து இரண்டு வருடம். கடையில் யாரிடமும் சொல்லவில்லை, வேலைக்கு ஆகமாட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். வீட்டிலோ மூன்றாவது இட்லிக்குக் கை நீட்டினால் எல்லார் கண்ணும் என் தட்டில்தான். விசேஷ வீடுகளில் "ஒரு லட்டுதானே" என்று திணிக்கிறார்கள். இதைத் தனியாகத்தான் சுமக்க வேண்டுமா?
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். முதல் நாலு வருடம் நானும் வெளியில் மூச்சு விடவில்லை.

என்னுடைய மாத்திரை, சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும் வகை. ஒருநாள் மாத்திரையைப் போட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். நாலு மணிக்கு டீக்கடையில் நிற்கிறேன், சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கை நடுங்குகிறது. உள்ளங்கையில் இருக்கும் சில்லறையை எண்ண வரவில்லை. பக்கத்தில் நின்றவர், "பகல்லயே போட்டுட்டு வந்துட்டான்" என்று விலகிப் போனார். டீ மாஸ்டர்தான் முகத்தைப் பார்த்து, "சார், சுகரா?" என்றார். அவர் அம்மாவுக்கும் உண்டாம். அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை டம்ளரை அவரே பிடித்துக்கொண்டார்.

மறுநாளே பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். வியாதியைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. "எனக்கு வியர்த்துக் கொட்டினாலோ பேச்சு குழறினாலோ சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்." அவ்வளவுதான். எல்லோரும் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தால் காலம்தான் போகும். ஒரு ஆளுக்கு ஒரு வேலை சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். உங்கள் மருந்தில் லோ சுகர் வருமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கடையில் ஒருவரிடமாவது இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் பயத்தில்தான் தட்டைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் வேலை கொடுங்கள். "சாப்பிடும்போது ஒன்றும் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் காட்டுகிறேன்" என்று என் மனைவியிடம் பேசி வைத்திருக்கிறேன். குளுக்கோமீட்டரில் பார்த்த அளவு, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, எல்லாம் அதில் இருக்கும். அப்புறம், தினமும் படுக்கப் போகுமுன் என் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்ப்பது அவள்தான். போன வருடம் குதிகால் வெடிப்பு ஒன்று சிவந்து நீர் கோத்திருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தாள். கால் மரத்துப்போனதால், அன்று முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

லட்டு கொடுப்பவர்களிடம் வாதாட வேண்டாம். விசேஷத்துக்கு உங்களோடு வருபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், அவர் கை நீட்டி வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு என் தம்பி.

மாத்திரைச் செலவு இடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அம்மா, "போன மாசம் ஏன் டெஸ்ட் எடுக்கல?" என்று உரிமையோடு கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் தேதி தவறுவதில்லை.

நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. உங்கள் கடையிலேயே இன்னொருவர் உங்களைப் போலவே சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் வாய் திறந்தால் அவரும் திறப்பார். முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.