ஆன்ட்டி பாட்டும் கடலுக்கு ஓடிய மீனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலைக்காக ஒசாகா வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அடுத்த வாரம் ஆபீஸில் எல்லோரும் கரோக்கி போகிறார்களாம். எனக்குத் தெரிந்த ஜப்பானியப் பாட்டெல்லாம் அனிமேயில் கேட்டதுதான், அதில் பாதிக்கு எனக்கு மூச்சே போதவில்லை. யாருக்கும் தெரியாத நல்ல பாட்டாக ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: யாருக்கும் தெரியாத பாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம் சார். நான் போன புதிதில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு வாரம் மனப்பாடம் செய்து பாடினேன். முதல் சரணம் முடிவதற்குள் ஆறு பேரும் மெனு கார்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக, ஆனால் நம் வாயிலிருந்து வரும் என்று அவர்கள் கனவிலும் நினைக்காததாக இருக்க வேண்டும். கூடவே மற்றவர்களுக்கும் கொஞ்சம் வேலை வைக்க வேண்டும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர்கள் குரல் கொடுப்பதை அங்கே ‘ஐனொதே’ என்பார்கள், நம்ம ஊர் பின்பாட்டு மாதிரிதான்.

உங்களுக்கு என் சிபாரிசு கோடைகோ குழுவின் ‘காந்தாரா’. 1978-இல் வந்தது, ‘சையூகி’ என்ற டிவி தொடரின் முடிவுப் பாட்டு. கதை, குரங்கு வீரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குக் கிளம்பும் துறவியைப் பற்றியது. அந்தத் துறவி வேறு யாருமில்லை, காஞ்சிபுரத்துக்கு வந்ததாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே யுவான் சுவாங்தான். (தொடரில் அந்தத் துறவியாக நடித்தவர் ஒரு நடிகை, நட்சுமே மசாகோ.) பாட்டில் அவசரமே கிடையாது, பல்லவி ஆங்கிலத்தில் வரும், அதில் காந்தாரா இந்தியாவில் இருந்ததாம் என்று வேறு சொல்வார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஆள் மைக்கைப் பிடித்து அதைப் பாடினால், ஐம்பதைத் தாண்டிய மேனேஜர்கள் எழுந்து நின்று கூடவே பாடுவார்கள், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காந்தாரம் இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் பக்கம் என்பதை அந்த நேரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

கேள்வி: யோகோஹாமாவில் மூன்று வருடமாக இருக்கிறேன். திரையில் காஞ்ஜி (சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து) வந்தால் வாய் நின்றுவிடுகிறது. வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடலாமா? பெண் குரலுக்கு ஜாலியான பாட்டு ஒன்றும் வேண்டும்.

பதில்: தமிழில் எழுதலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் வரும் க, த இரண்டும் நம் வாயில் தானாக மெலிந்துவிடும். ஜப்பானியர்களுக்கோ அழுத்திச் சொல்லும் க வேறு, மெலிந்த க வேறு, மாற்றிப் போட்டால் அர்த்தமே மாறும். அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி ஹிரகானா என்ற ஒலியெழுத்துகளைப் படித்துவிடுவது, அடிப்படை எழுத்து 46 தான், காஞ்ஜிக்கு மேலே பொடியாக அதைத்தான் போடுவார்கள். 247-ஐப் படித்த நமக்கு அது ஒரு கணக்கா?

குறில் நெடில் விஷயத்தில் நாம் ராஜா. அதற்கென்றே ஒரு பாட்டு: மொரிடகா சிசாதோ 1992-இல் பாடியது, தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நான் ஆன்ட்டி ஆன பிறகும்’. எனக்கு வயதான பிறகும் என்னை வெளியே அழைத்துப் போவாயா, இளசுகளைப் பார்த்து மயங்கிவிட மாட்டாயே என்று காதலனைக் கிண்டலும் கவலையுமாகக் கேட்கிற பாட்டு. வரிகளும் அவருடையதே, அப்போது அவருக்கு 23 வயது. துள்ளலான மெட்டு, வார்த்தைகளும் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரியே இருக்கும். ‘ஒபஸன்’ என்றால் ஆன்ட்டி. ‘ஒபாஸன்’ என்று நீட்டினால் பாட்டி! ஒரு மாத்திரையில் முப்பது வயது ஏறிவிடும், ஜாக்கிரதை. நாற்பதைத் தாண்டியவர் பாடினால் இன்னும் எடுபடும், அறையில் உள்ள பெண்களெல்லாம் சேர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: என் ஏழு வயது மகனும் வருவான். அவனுக்கு?

பதில்: ‘ஒயொகே! தையாகி குன்’. தையாகி என்பது மீன் வடிவ அச்சில் ஊற்றிச் சுட்டு, உள்ளே இனிப்புப் பயறு வைத்த பலகாரம். தினமும் கல்லில் வேகிறோமே என்று வெறுத்துப்போன ஒரு தையாகி, கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டுக் கடலில் குதித்துவிடுகிறது. ஜாலியாக நீந்துகிறது, பசி எடுத்துத் தூண்டிலைக் கடிக்கிறது, மாட்டிக்கொள்கிறது, கடைசியில் மீன் பிடித்தவர் அதைத் தின்றுவிடுகிறார். அவ்வளவுதான் கதை. குழந்தைகள் நிகழ்ச்சிக்காக ஷிமோன் மசாதோ பாடியது, 1975 டிசம்பரில் இசைத்தட்டாக வந்து 45 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜப்பானில் அதிகம் விற்ற சிங்கிள் இன்றுவரை இதுதான். மெட்டில் ஒரு சோகம் ஓடும், வேலைக்குப் போய்க் களைத்த அப்பாக்களும் இதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். மகன் பாடும்போது நீங்கள் மீன் மாதிரி கையை ஆட்டினால் போதும்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் எட்டு வருடம் கற்றவள் நான். ராகம் தெரிகிற மாதிரி ஜப்பானியப் பாட்டு உண்டா?

பதில்: ஓ, நிறைய! ‘தி பூம்’ குழுவின் ‘ஷிமா உதா’வைக் கேளுங்கள், 1992-இல் வந்தது. ஒகினாவா தீவுகளின் ஸ்வரக்கட்டு ச க ம ப நி, அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், காகலி நிஷாதம், அதாவது நம்முடைய கம்பீர நாட்டை. முதல் வரியிலேயே பிடித்துவிடுவீர்கள். நடுவில் ஓரிடத்தில் மெட்டு அந்தக் கட்டை விட்டு விலகும், அது ஏதோ தவறு என்று நினைக்காதீர்கள். எழுதிய மியாசாவா கசுஃபுமி, 1945 ஒகினாவா போரில் குகைகளில் செத்துப்போனவர்களை நினைத்து எழுதிய பாட்டு, மேலே பார்த்தால் காதலர் பிரிவு மாதிரிதான் தெரியும். அதனால் பீர் மூன்றாவது ரவுண்டுக்கு முன்பே பாடிவிடுங்கள். என்கா என்ற பழைய பாணி ஜப்பானிய சோகப் பாட்டுகளில் பலவும் உங்களுக்குச் சுலபம்: சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் சுத்த தைவதமாக இறக்கினால் அந்தக் கட்டு வந்துவிடும். கமகத்தை மட்டும் அடக்கி வாசியுங்கள், ஸ்கோர் போடும் மெஷினுக்கு அது புரியாது.

கேள்வி: மேனேஜர் அம்மா என்னோடு டூயட் பாட வேண்டுமாம். தப்பிக்க வழி?

பதில்: இல்லை. ‘கின்சா நோ கொய் நோ மொனொகதாரி’, 1961. ஆளுக்கொரு வரி, மெதுவான பாட்டு, அவருக்கு நிச்சயம் தெரியும்.

கேள்வி: கடைசிப் பாட்டு எது வைக்கலாம்?

பதில்: ஒட்சுகா ஐ பாடிய ‘சகுரம்போ’, 2003. பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும்போது ‘மோ இக்காய்!’ என்று கத்துவார், நம் தியேட்டர் ‘ஒன்ஸ்மோர்’தான் அது. அந்தக் கத்தலை அறை முழுவதும் சேர்ந்து போட வேண்டும், பாடத் தெரியாதவர்தான் அதில் சத்தமாக இருப்பார். நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது கவுன்டரிலிருந்து சுவர் போன் அடிக்கும். யார் எடுத்தாலும் சரி, ‘என்ச்சோ’ என்று ஒரு வார்த்தை. வெளியே கூட்டம் இல்லையென்றால் இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும்.