ரத்து செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது

ஆண்டுக்கு இரண்டே சிறப்பு மலர்கள் வடிவமைக்கும் உங்களுக்கு, அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனின் சந்தா கட்டுபடியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறியதிலிருந்து, பணம் நின்றால் செயலியும் நின்றுவிடும். ஒரேயடியாக விலை கொடுத்து வாங்கும் செயலியோ பழசானாலும் கணினி தாங்கும்வரை திறக்கும்.

ஆனால் இன்றே ரத்து செய்துவிடாதீர்கள். பழைய மலர்கள் எல்லாம் இன்டிசைனின் சொந்தக் கோப்பு வகையான ஐஎன்டிடி கோப்புகளாகத்தானே கிடக்கின்றன? சந்தா உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் ஐடிஎம்எல் (பிற செயலிகளும் திறக்கக்கூடிய கோப்பு வகை) ஆகவும் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். ஐடிஎம்எல்லை அஃபினிட்டி என்ற வடிவமைப்புச் செயலி திறக்கும், ஸ்கிரைபஸ் என்ற இலவசச் செயலியும் ஓரளவு திறக்கும். பத்தி இடைவெளிகள் கொஞ்சம் நகரும், பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துச் சரிசெய்யலாம். வேறொரு செயலியில் நான் இதற்குச் சோம்பல்பட்டு, பிறகு ஒரேயொரு எழுத்துப்பிழையைத் திருத்த முழு மாதச் சந்தா கட்டினேன்!

உங்களுடையது மாதத் தவணையில் கட்டும் ஆண்டு ஒப்பந்தமா? அப்படியானால் இடையில் விலகக் கட்டணம் உண்டு. புதுப்பிப்புத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.