டார்ம்ல தங்கலாமா, இன்டர்ரெயில் பாஸ் வாங்கலாமா?

ஜெர்மனில ட்ரெஸ்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கிற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "செமஸ்டர் லீவுல 9 நாள் ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் தனியா போறேன். ஹாஸ்டல் டார்ம்ல பாதுகாப்பா இருக்குமா? இன்டர்ரெயில் பாஸ் வாங்கினா லாபமா? சாப்பாடு சைவம் மட்டும்தான்."

இன்டர்ரெயில்ங்கறது ஒரே பாஸ்ல பல ஐரோப்பிய நாட்டு ட்ரெயின்ல போறது, உங்களுக்கு அது வேணாம்ங்க. மூணே ஊரு, ட்ரெஸ்டன்ல இருந்து ப்ராக் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள, அங்கருந்து வியன்னா 4 மணி நேரம், வியன்னா டு புடாபெஸ்ட் ரெண்டே முக்காலுக்குள்ள, இதுக்கெல்லாம் நாலஞ்சு வாரம் முன்னாடியே தனித்தனியா டிக்கெட் போட்டாலே பெரும்பாலும் பாஸை விட கம்மியா வரும். திரும்பி வர்றதுக்கு மட்டும் ஒரு முழுப் பகல் ஒதுக்கிடுங்க.

இப்ப டார்ம், அதாவது பல பேர் ஒரே ரூமுல பெட் எடுத்துத் தங்கறது. பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா விலையை மட்டும் பாத்து 14 பெட் ரூமை புக் பண்றது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் வருவாரு, காலைல அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் ட்ரெயின் புடிக்கணும்னு பிளாஸ்டிக் கவரை சரசரன்னு மடிப்பாரு, மறுநாள் நீங்க ப்ராக் கோட்டையில தூங்கி வழிவீங்க. நாலு இல்ல ஆறு பெட், பொண்ணுங்க மட்டும் தங்கற டார்ம், கொஞ்சம் கூட காசு ஆனாலும் அதையே போடுங்க. ரிவ்யூவுல மொத்த மார்க்கை விட்டுட்டு "சத்தம்", "லாக்கர்", "மூட்டைப்பூச்சி" இந்த மூணையும் தேடிப் படிங்க. புடாபெஸ்ட்ல ஏழாவது டிஸ்ட்ரிக்ட், அதுலயும் காசின்சி தெரு பக்கம், பழைய இடிஞ்ச கட்டடத்துல நடத்துற பார்லாம் அங்கதான், விடிய விடிய கச்சேரிதான். அது வேணும்னா போங்க, தூக்கம் வேணும்னா ரெண்டு மெட்ரோ ஸ்டாப் தள்ளிப் பாருங்க. வியன்னால வெஸ்ட்பான்ஹாஃப் ஸ்டேஷன் பக்கம் எடுத்தா யூ3 மெட்ரோல நேரா ஊர் நடுவுல இருக்கற ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் போய் இறங்கிடலாம்.

பூட்டு நீங்களே கொண்டு போகணும், நிறைய இடத்துல லாக்கர் மட்டும்தான் இருக்கும். நான் முதல் தடவை போனப்ப ஊர்ல வாங்கின நல்ல கனமான பித்தளைப் பூட்டை பெருமையா எடுத்துட்டுப் போனேன், அதோட வளைஞ்ச கம்பி லாக்கர் ஓட்டைக்குள்ள நுழையவே இல்ல, ரிசப்ஷன்ல ஒண்ணு காசு கொடுத்து வாங்கினேன். அதனால சின்னதா, கம்பி ஒல்லியா இருக்கற நம்பர் லாக்கா வாங்கிக்கங்க. துண்டுக்கும் பல இடத்துல வாடகை கேப்பாங்க. போர்வை அவங்களே தருவாங்க, ஸ்லீப்பிங் பேக் பல ஹாஸ்டல்ல அனுமதியே இல்ல, மூட்டைப்பூச்சி பயம்தான்.

சாப்பாட்டுக்கு கிச்சன் இருக்கற ஹாஸ்டலா பாருங்க. அரிசி, புளியோதரைப் பொடி போதும். தாளிக்கிற ஆசையை மட்டும் ட்ரெஸ்டன்லயே விட்டுட்டு வாங்க, மிளகா புகை போய் அலாரம் அடிச்சா மொத்த பில்டிங்கும் நைட்டியோட ரோட்டுல நிக்கும். வியன்னால ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்கறதுதான் கை கொடுக்கும். தண்ணி பாட்டில் வாங்காதீங்க, அங்க குழாய்ல வர்றது மலை ஊத்துத் தண்ணி. வெளிய சாப்பிட்டா புடாபெஸ்ட்ல லாங்கோஷ், நம்ம பூரியோட பெரியண்ணன் மாதிரி, மேல சீஸும் புளிச்ச க்ரீமும்.

காசு விஷயம்: ப்ராக் இருக்கற செக் நாட்டுல கொருனா, ஹங்கேரில ஃபோரிண்ட், ஆஸ்திரியா மட்டும்தான் யூரோ. ஏடிஎம்லயோ கார்டு மெஷின்லயோ "யூரோல கழிக்கட்டுமா"ன்னு கேட்டா வேணாம்னு அமுக்கிட்டு அந்த ஊர் கரன்சியையே எடுங்க. ப்ராக்ல காசு மாத்துற கடைல ஏமாந்துட்டா கூட, 1000 யூரோவுக்குள்ள இருந்தா மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் கேன்சல் பண்ணலாம், 2019ல இருந்து அங்க சட்டமே இருக்கு. ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

உங்ககிட்ட ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் இருக்கறதால மூணு நாட்டுக்கும் தனி விசா தேவையில்ல. ஆனா பாஸ்போர்ட், பெர்மிட் கார்டு ரெண்டும் ஒரிஜினலா கையில வேணும். 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி எல்லா நில எல்லையிலயும் செக் பண்றாங்க, வர்றப்ப எல்லையில இருக்கற பாட் ஷாண்டாவ் ஊர் பக்கம் போலீஸ் ட்ரெயின்ல ஏறினா போன்ல இருக்கற ஃபோட்டோவைக் காட்டி வேலைக்கு ஆகாது.