புதிதாகப் பொறுப்பேற்கும் தமிழ்ப் போதகர் பிரசங்கத்திலும் சபையை நடத்துவதிலும் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபைக்குப் பொறுப்பேற்கப் போவதாகவும், பிரசங்கமும் தலைமைத்துவமும் பயனுள்ளவையாக அமைய என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இறையியல் படித்துவிட்டு வருகிறவர் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் போதகன் அல்லன். பிரசங்க பீடத்துக்கு அருகில் இன்னோர் ஒலிவாங்கியுடன் நின்று, போதகர் தமிழில் சொல்வதை வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வதை 19 ஆண்டுகளாகச் செய்துவருகிறவன்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று வந்த புதிதில் உங்களுக்குத் தோன்றலாம். இளையர் பலருக்கு வீட்டில் பேசும் தமிழ் புரியும். வேதாகமத் தமிழ் புரியாது. சில குடும்பங்களில் சீன மருமகள்களும் மலையாளி மருமகன்களும் இருக்கிறார்கள். நாம் ஆராதனையில் வாசிக்கும் வேதாகமத்தின் நடை 1871-இல் வெளிவந்த ‘ஐக்கியத் திருப்புதல்’ என்ற பழைய மொழிபெயர்ப்பின் நடை. ‘பரிதானம்’ என்றால் லஞ்சம் என்று ஒரு முறை நின்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தால், பின்வரிசைப் பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்துவதை நானே பார்த்திருக்கிறேன். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் ஆலயப் பணியாளர்களான லேவியர் செய்ததும் இதுதான்: வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், விளங்கப்பண்ணினார்கள். அதற்கு மேல் பிரசங்கக் கலை என்று ஒன்று இருந்தால் அது எனக்குத் தெரியாது.

பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் தெரியும் செய்தி ஒன்று உண்டு. போதகர் குரலை உயர்த்தி அடுக்குமொழியில் ஐந்து வாக்கியம் முழங்குவார்; சபையும் ‘ஆமென்’ சொல்லும்; அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. ஓசையை மொழிபெயர்க்க முடியாது. இதனால் தமிழ் நாவன்மையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கும் நல்ல தமிழில் மயக்கம் உண்டு. நேரத்தையும் கவனியுங்கள். பவுல் துரோவாவில் நடுராத்திரிவரை பேசியபோதே ஒரு வாலிபன் உறங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுந்தான். மாலை ஆராதனைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தொலைவில் துவாஸ் பகுதியில் இருக்கும் விடுதிக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் விடியுமுன்னே வேலைக்கு லாரி ஏற வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் இனிமேல்தான் வருகிறது. இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் ஒரு சிறப்புக் கூட்டம் நடந்தது. விருந்தினருடைய விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆன செலவுக்கு ரசீது வேண்டும் என்று பொருளாளர் நிர்வாகக் குழுவில் கேட்டார். கேட்கத்தான் வேண்டும். 2015-இல் இந்நாட்டின் ஒரு பெரிய சபையைச் சேர்ந்த ஆறு பேர் நிதி வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பான பிறகு, எந்தப் பொருளாளரும் வாய்க்கணக்கை ஏற்றுக்கொள்ளத் துணிய மாட்டார். ஆனால் அப்போதிருந்த போதகர் அதைத் தம் ஊழியத்தின்மீது விழுந்த சந்தேகமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு யோவான் 12-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். மரியாள் இயேசுவின் பாதத்தில் பூசிய பரிமளதைலமும், அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பணப்பையை வைத்திருந்த யூதாஸ் கேட்ட கேள்வியும். பாதிவழியில் போதகர் குறிப்பை மூடிவைத்துவிட்டு, “இன்றைக்கும் பணப்பையைப் பிடித்துக்கொண்டு ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்கிற ஒருவர் நம் நடுவில் இருக்கிறார். அவர் யார் பக்கம் நிற்கிறார் என்று யோசிக்கட்டும்” என்றார்.

தமிழில் ‘அவர்’ என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பொருளாளர், துணைப் பொருளாளர், காணிக்கை எண்ணுகிறவர்கள் என்று பணத்தைக் கையாண்டவர்கள் ஏழு பேர். அவர்களில் பெண் ஒருவர்தான், ரசீது கேட்ட பொருளாளர். ஆங்கிலத்தில் ‘ஹி’ அல்லது ‘ஷி’ என்று சொல்லியாக வேண்டும். போதகர் யாரை மனத்தில் வைத்துப் பேசினார் என்று குழுக்கூட்டத்தில் இருந்த எனக்குத் தெரியும். என் வாய் ‘ஷி’ என்றது.

ஆங்கிலம் கேட்பவர்கள் அமரும் இடப்பக்க வரிசைகளில் தலைகள் திரும்பின. அங்கேதான் பொருளாளருடைய பதினேழு வயது மகன் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான். ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் அவர் மகனை அழைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனார். பிறகு எங்கள் சபைக்கு வரவில்லை.

‘தே’ என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், சொல்லியிருக்கலாம், அந்த அரை விநாடியில் எனக்குத் தோன்றவில்லை. அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் குறை பேசுகிறான் என்று எழுதவும் சிலர் வருவார்கள். அவர்கள் மத்தேயு 18-ஐ எடுத்துப் பார்க்கட்டும். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்திருக்கையில் போய்ப் பேசு, கேளாவிட்டால் இரண்டொருவரை அழைத்துக்கொண்டு போ, சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகு என்றுதான் அங்கே இருக்கிறது. குற்றவாளிக்கே அந்த வரிசை என்றால், ரசீது கேட்டவருக்கு எதற்குப் பிரசங்க பீடம்? அங்கே நிற்பவருக்கு யாரும் எழுந்து மறுமொழி சொல்ல முடியாது. அந்தப் போதகர் நோயாளிகளைத் தவறாமல் போய்ப் பார்த்தவர், யார் வீட்டுத் துக்கத்திலும் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தவர். அதையும் சொல்லாவிட்டால் அநியாயம். அப்படி ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த நம்பிக்கையை இரண்டு வாக்கியங்களில் இழந்தார். ரசீதுகளோ அவர் மேசை இழுப்பறையிலேயே இருந்தன. அடுத்த வாரம் துணைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்க ஈசூனிலிருக்கும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். “நீங்க சொல்லலேன்னாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும் அண்ணே. என் பிள்ளைக்குப் புரிஞ்சிருக்காது” என்றார்.

அதன்பிறகு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: பிரசங்கக் குறிப்பு சனிக்கிழமை இரவுக்குள் என் கைக்கு வர வேண்டும், சபையில் ஒருவரைச் சுட்டும் வாக்கியம் அதில் இருந்தால் அன்றிரவே தொலைபேசியில் அழைப்பேன், குறிப்பில் இல்லாமல் மேடையில் சேர்த்தால் மொழிபெயர்க்காமல் நிற்பேன். இதுவரை இரண்டு போதகர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். முதலாமவர் இரண்டு மாதம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. இப்போதிருப்பவர் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுகிறார்.