வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு வயிற்றைத் திறக்காமல் சிகிச்சை உண்டா?

உண்டு. என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். உங்கள் மாமனாருக்குப் பெருந்தமனி, அதாவது வயிறு வழியாக இறங்கும் பெரிய ரத்தக்குழாய், 4.3 செ.மீ. அகலம் என்று ஸ்கேனில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுக்குப் பெரும்பாலும் உடனே ஆபரேஷன் இருக்காது.

கோபி பக்கம் எங்கள் ஊர். மஞ்சளும் வாழையும்தான் வெள்ளாமை. அப்பாவுக்கு அப்போது 69 வயது, நாற்பது வருஷப் பீடி. நீர் சரியாகப் பிரியவில்லை என்று ஈரோட்டில் வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனோம். புராஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கருவியைத் தொப்புளுக்கு மேலே நகர்த்தியவர், அங்கேயே வெகுநேரம் நிறுத்திவிட்டார். பெருந்தமனி 4.6 செ.மீ. அந்த இடத்தில் சுமார் 2 செ.மீ. இருக்க வேண்டியது, 3 வந்தாலே வீக்கம் என்று கணக்கு. அப்பாவுக்கோ வலி கிலி எதுவும் கிடையாது, முந்தின நாள்கூட வாழைத்தார் சுமந்தவர்.

"ஏனுங் டாக்டர், கெணத்து மோட்டார் ஹோஸ் வெயில்ல காஞ்சு ஒரு பக்கம் பொடைக்குமே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டார். அதேதான். பெருக்கப் பெருக்க வெடிக்கிற ஆபத்தும் ஏறும். வெடித்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்ளேயே பலர் போய்விடுகிறார்கள்.

ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வரும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள். வேகமாக வளர்ந்தாலோ வலி வந்தாலோ அந்தக் கணக்கு செல்லாது. ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பீடிக்குத் தடை. தடை வீட்டுக்குள் மட்டும்தான். சாளைக்குப் பின்னால் புகை வந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டரை வருஷத்தில் 5.6 ஆனது. கோயம்புத்தூரில் சி.டி. எடுத்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்குக் கீழே வீங்காத பகுதி போதுமான நீளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது இருந்தால்தான் இந்த முறை சுலபம், உள்ளே வைக்கிற துணிக்குழாய், அதாவது ஸ்டென்ட், பிடித்து நிற்க இடம் வேண்டுமே. இரண்டு தொடை இடுக்கிலும் துளை போட்டு, மடக்கிய துணிக்குழாயை ரத்தக்குழாய் வழியே ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி வீக்கத்துக்குள் விரித்தார்கள். ஹோஸுக்குள் ஹோஸ். 1990-இல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி என்ற டாக்டர் செய்துகாட்டிய பிறகு பரவிய முறை இது. ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் அப்பா வீட்டில் இருந்தார்.

ஆனால் வேலை அத்தோடு முடியாது. வயிற்றைத் திறந்து தைத்தால் தேற மாதக்கணக்காகும், அப்புறம் தொந்தரவு குறைவு. இதில் ஆரம்ப ஆபத்து குறைவு, ஆனால் ஆயுசுக்கும் ஸ்கேன். ஸ்டென்ட் நகரலாம், வீக்கத்துக்குள் ரத்தம் மறுபடி கசியலாம். அப்பாவின் முதல் வருஷ ஸ்கேனிலேயே முதுகுப் பக்கக் கிளை ஒன்றிலிருந்து சின்னக் கசிவு தெரிந்தது. வீக்கம் பெருக்காததால் சும்மா கவனித்து வருகிறார்கள். மஞ்சள் வெட்டு நேரத்தில் தேதி விழுந்தால் தள்ளிப்போடப் பார்ப்பார், நான் விடுவதில்லை. வருஷா வருஷம் வரத் தோதுப்படாதவருக்குத் திறந்த ஆபரேஷனே மேல் என்பது என் எண்ணம். ஆனால் இதயமும் நுரையீரலும் அதைத் தாங்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் திடீரென்று வயிறோ முதுகோ கடுமையாக வலித்து, வேர்த்து, தலை சுற்றினால் வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ரத்தக்குழாய் அறுவை டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

அப்புறம், மாமனாருக்குக் கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், இது குடும்பத்தில் வரும். எங்கள் சித்தப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். 3.4 செ.மீ. அவரும் பீடிதான்.