ஊஃபர் பெரிதா, டோர் கெட்டியா? – கார் ஆடியோ கேள்வி பதில்

போன இதழில் கார் ஸ்டீரியோ பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், காசு செலவழித்தும் சத்தம் மட்டும்தான் கூடியிருக்கிறது, பாட்டு நன்றாக இல்லை என்ற வருத்தம்தான். அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புது ஹேட்ச்பேக் வாங்கியிருக்கிறேன். ஆடியோவுக்கு முப்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஆக்சஸரீஸ் கடையில் 3000 வாட்ஸ் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), 12 இன்ச் ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டி போடச் சொல்கிறார்கள். போடலாமா? – திருச்சி வாசகர்

வேண்டாம். முதலில் அந்த 3000 வாட்ஸைப் பார்ப்போம். ஆம்ப்பின் பக்கவாட்டில் ஃபியூஸ் செருகியிருக்கும், அதில் 30 என்று எழுதியிருந்தால் அந்த ஆம்ப் பேட்டரியிலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியது 30 ஆம்பியர், வண்டி ஓடும்போது வோல்டேஜ் 14 என்று வைத்தால் உள்ளே போவதே 420 வாட்ஸ். உள்ளே போவது 420 என்றால் வெளியே 3000 எப்படி வரும்? கிளாஸ் டி என்ற வகை ஆம்பாக இருந்தால் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே கிடைக்கும், கிளாஸ் ஏபி வகை என்றால் பாதியோ கொஞ்சம் கூடவோ. அதனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். வாட்ஸ் (தொடர்ந்து தரக்கூடிய நிஜ சக்தி) எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவான ஹெட் யூனிட்டில் 50×4 (நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ்) என்று போட்டிருப்பதும் இதே கதைதான், நிஜத்தில் ஒரு ஸ்பீக்கருக்கு 15லிருந்து 20 வாட்ஸ் வரைதான் சுத்தமாகக் கிடைக்கும்.

உங்கள் பணத்தை முன் டோர்களில் போடுங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் முன் டோரில் 6.5 இன்ச் ஸ்பீக்கர் உட்காரும், அங்கே மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், தனியாக வரும் காம்போனென்ட் செட் ஒன்று, அதோடு டோரின் அதிர்வை அடக்க ஒட்டும் டேம்பிங் ஷீட், மிச்சத்தில் ஒரு நல்ல 4 சேனல் ஆம்ப். பின் ஸ்பீக்கர்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். நாம் கச்சேரிக்குப் போனால் மேடையைப் பார்த்துத்தானே உட்காருகிறோம், முதுகுப் பக்கத்திலிருந்து யாரும் பாடுவதில்லை.

டேம்பிங் ஷீட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டோர் பேடைக் கழற்றிவிட்டு வெளித் தகட்டை உள்ளிருந்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், காலி மண்ணெண்ணெய் டின் மாதிரி 'டங்' என்று அதிரும். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும் காற்று உங்கள் பக்கம் வருகிறது, பின்னால் தள்ளும் காற்று டோருக்குள் போகிறது. உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் ஒட்டியிருப்பார்கள். அந்த ஓட்டை வழியாகப் பின்காற்று சுற்றிக்கொண்டு வந்து முன்காற்றோடு மோதி, தாழ்ந்த ஒலியை அடித்துவிடுகிறது. அந்த ஓட்டைகளை அலுமினியத் தகடோ கெட்டியான ஷீட்டோ வைத்து மூடிவிட்டால் அதே ஸ்பீக்கரில் அதுவரை கேட்காத பேஸ் கேட்கும், ஊஃபர் இல்லாமலேயே. வெளித் தகட்டில் ஷீட் ஒட்டி ரோலரால் அழுத்திவிட்டு மறுபடியும் தட்டிப் பாருங்கள், 'டங்' போய் மரப்பலகையைத் தட்டின மாதிரி 'தொப்' என்று நின்றுவிடும். டோரின் அடியில் மழைத் தண்ணீர் வடிய வைத்திருக்கும் துளைகளை மட்டும் தப்பித்தவறி அடைத்துவிடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

ஊஃபர் அடுத்த வருடம் போடலாம், அப்போது உங்களுக்கே எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: டேம்பிங்குக்கு தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அதை ஒட்டலாமா? – வேலூர் வாசகர்

உங்கள் ஊர் வெயிலுக்கா? சித்திரையில் வெயிலில் நிற்கும் காரின் தகட்டைக் கையால் தொட முடியாது. தார் இளகும், நாறும், கடைசியில் டோருக்குள் வழிந்து ஜன்னல் மோட்டார் மேல் விழும். அலுமினிய முகப்பு வைத்த பியூட்டைல் ரப்பர் ஷீட் மட்டும் வாங்குங்கள், தகட்டை முழுக்க மூட வேண்டியதுகூட இல்லை, நடுப்பகுதியில் கால்வாசியிலிருந்து பாதி வரை ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும்.

கேள்வி: ஆம்ப் போட்டதிலிருந்து ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று ஒரு விசில். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சேர்ந்து ஏறுகிறது. கடைக்காரர் ஆம்ப் ரிப்பேர், வேறு மாற்ற வேண்டும் என்கிறார். – சேலம் வாசகர்

ஆம்பை மாற்ற இப்போதே சம்மதிக்காதீர்கள். இந்த விசில், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் குரல். எஞ்சின் வேகத்தோடு அது ஏறி இறங்குவதே அதற்கு அடையாளம். ஆம்ப் கெட்டுப்போய் இப்படி வருவது அபூர்வம், எர்த் (காரின் தகட்டோடு சேரும் நெகட்டிவ் வயர்) சரியில்லாமல் வருவதுதான் வழக்கம்.

இது எனக்கே நடந்தது. என் பழைய செடானில் ஆம்ப் மாட்டி இரண்டாவது நாளே இந்த விசில். மாட்டிய இடத்தில் ஃபில்டர் போட்டார்கள், ஆர்.சி.ஏ. வயர் (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டு வரும் வயர்) மாற்றினார்கள், இரண்டு தடவை காசும் போனது, விசில் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினேன். எர்த் வயரைத் தகட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் வயர் முனைக்கு அடியில் பெயின்ட் வட்டமாக, அப்படியே பளபளவென்று இருக்கிறது. அதாவது வயர் தகட்டைத் தொடவே இல்லை, ஸ்க்ரூவின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் தொடர்பு. உப்புத்தாள் வைத்து வெள்ளித் தகடு தெரியும் வரை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு, நல்ல போல்ட்டாக முடுக்கி, மேலே துரு பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அரை மணி நேர வேலை. சாவியைத் திருப்பினேன், அமைதி. அந்த அமைதியைக் கேட்டபோது வந்த சந்தோஷம் எந்தப் பாட்டிலும் வந்ததில்லை.

நீங்கள் இப்படிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ. வயர்களைப் பிடுங்குங்கள் (ஆனில் இருக்கும்போது பிடுங்கவே கூடாது, ஹெட் யூனிட்டுக்குள் ஆர்.சி.ஏ.வின் எர்த் தடமே எரிந்துபோகலாம், அப்புறம் தீராத விசில்). இப்போது எஞ்சினை ஓட விட்டுக் கேளுங்கள். விசில் இன்னும் இருந்தால் ஆம்பின் பவர், எர்த் பக்கம்தான் கோளாறு. விசில் நின்றுவிட்டால், சார்ஜர் மாட்டாத ஒரு மொபைலை நேராக ஆம்பில் இணைத்துப் பாட்டுப் போடுங்கள். சுத்தமாகப் பாடினால் ஆம்ப் நல்லாத்தான் இருக்கிறது, குறை ஹெட் யூனிட்டின் எர்த்திலோ ஆர்.சி.ஏ. வயர் போகும் பாதையிலோ. பவர் கேபிளையும் ஆர்.சி.ஏ.வையும் ஒரே கட்டாக ஒரே பக்கம் இழுத்திருந்தால் பிரித்து, ஒன்றை இடப்பக்கம் ஒன்றை வலப்பக்கம் கொண்டு போகச் சொல்லுங்கள்.

எர்த் வயர் பவர் வயர் அளவுக்கே தடிமனாக இருக்க வேண்டும், ஒன்றரை அடிக்கு மேல் நீளம் வேண்டாம். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டினால் சுலபம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். கடைசியில் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட் பக்கம் இருந்தால் நிம்மதி, அரை வோல்ட் காட்டினால் எங்கேயோ பிடி சரியில்லை.

கேள்வி: பவர் வயருக்கு ஃபியூஸ் ஆம்பிலேயே இருக்கிறதே, பேட்டரி பக்கம் இன்னொன்று எதற்கு? – காரைக்குடி வாசகர்

ஆம்ப் ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றும். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் வயரையும் காரையும் உங்களையும் காப்பாற்றும். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டின் விளிம்பில் வயர் உரசி உரசித் தோல் கிழிந்து தகட்டைத் தொட்டுவிட்டால், பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தியும் அந்த வயர் வழியாகத்தான் பாயும், கார்ப்பெட்டுக்கு அடியில் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பு வயரை வெட்டாமல் காக்கும் வளையம்) இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வண்டியை இன்றைக்கே திருப்பிக்கொண்டு போய்ச் சரி செய்யுங்கள். வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்றும் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், கரண்டைக் கடத்துவதில் அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

கேள்வி: கெயினை முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன், ஒரே மாதத்தில் இரண்டு ட்வீட்டரும் போய்விட்டன. ஸ்பீக்கர் 50 வாட்ஸ், ஆம்பும் 50 வாட்ஸ்தான், எப்படி எரியும்? – நாகர்கோவில் வாசகி

கெயின் என்பது வால்யூம் இல்லை, அம்மா. ஹெட் யூனிட் அனுப்பும் சிக்னலின் உயரத்துக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு அது. அதை முழுக்கத் திருப்பினால் ஆம்ப் தன்னால் முடிந்த உயரத்தைத் தாண்டி ஏறப் பார்க்கும், முடியாது, அதனால் அலையின் தலை மொட்டையாக வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் பாட்டில் இல்லாத மேல் ஒலிகள் ஏராளமாக முளைக்கும், அவை நேராக ட்வீட்டருக்குத்தான் போகும், கூடவே ஆம்ப் தன் அளவான 50 வாட்ஸையும் தாண்டி வெளியே தள்ளும். தலைமுடி மாதிரி மெல்லிய அந்தச் சுருள் எவ்வளவு நேரம் தாங்கும்?

புது ட்வீட்டர் மாட்டும் முன் இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம், ஆம்பின் ஃபில்டரும் ஆஃப். ஹெட் யூனிட் வால்யூமை முக்காலில் வையுங்கள். 200 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை ஓட விட்டு (சாதாரண மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒழுங்காகக் காட்டாது), ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட்டை அளந்தபடி கெயினை மெதுவாக ஏற்றுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: வாட்ஸை ஸ்பீக்கரின் ஓம்ஸால் (மின்தடை) பெருக்கி வர்க்கமூலம். உங்களுக்கு 50 வாட்ஸ், ஸ்பீக்கர் 4 ஓம் என்று வைத்தால், பெருக்கினால் 200, வர்க்கமூலம் 14.1 வோல்ட். அங்கே நிறுத்தி, திருகின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். டோனை நிறுத்தின பிறகுதான் ஸ்பீக்கர்களை மாட்ட வேண்டும். அப்புறம் டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டரை (கீழ் ஒலியைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸில் போடுங்கள்.

கேள்வி: எல்லாச் சத்தமும் வலது பக்க டோரிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது. பேலன்ஸை இடப்பக்கம் தள்ளினாலும் திருப்தியில்லை. ஹெட் யூனிட்டில் டைம் அலைன்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட பயமாக இருக்கிறது. – மதுரை வாசகர்

பயப்படாதீர்கள், தையற்காரர் டேப் ஒன்று போதும். நம் ஊரில் ஓட்டுநர் வலது டோரை ஒட்டி உட்காருகிறார், அந்த ஸ்பீக்கரின் ஒலி முதலில் காதுக்கு வந்துவிடுகிறது, மனதும் அங்கேதான் திரும்புகிறது. அதனால் பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்க வைக்க வேண்டும், டைம் அலைன்மென்ட் செய்வது அதைத்தான். சீட்டில் வழக்கம்போல உட்கார்ந்து, தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்துகொள்ளுங்கள். வலது 90 சென்டிமீட்டர், இடது 130, டிக்கியில் ஊஃபர் 190 என்று வைப்போம். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். தூரத்தில் இருக்கும் ஊஃபருக்கு பூஜ்யம். இடது ஸ்பீக்கர் அதைவிட 60 சென்டிமீட்டர் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு 1.7 மில்லி செகண்ட். வலது 100 சென்டிமீட்டர் பக்கத்தில், 2.9 மில்லி செகண்ட். அவ்வளவுதான்.

பிறகு காதால் சரி பார்க்க வேண்டும். பாட்டுக்காரர் ஒருவர், வயலின், மிருதங்கம் மட்டும் உள்ள கர்நாடகக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுங்கள், மிருதங்கத்தைப் போல கார் ஆடியோவைச் சோதிக்க வேறு வாத்தியம் இல்லை என்பது என் எண்ணம். வலது முகமான வலந்தலையின் நாதம் டோர் ஸ்பீக்கரிலும் ட்வீட்டரிலும் பேசும், ரவை பூசிய இடது முகமான தொப்பியின் 'தொம்' ஊஃபர் பக்கம் இறங்கும். சரியாக அமைந்துவிட்டால் இரண்டும் ஒரே மனிதரின் மடியிலிருந்து, டேஷ்போர்டுக்கு மேலிருந்து வரும். தொப்பி மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டால் ஊஃபரின் லோ பாஸ் ஃபில்டரை (மேல் ஒலியைத் தடுப்பது) 80லிருந்து 70, 60 என்று இறக்குங்கள், அல்லது ஊஃபரின் ஃபேஸை (கூம்பு முன்னே, பின்னே அசையும் வரிசை) 0, 180 என்று மாற்றிப் பார்த்து எதில் 'தொம்' கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். பாடுகிறவர் குரல் ஸ்டீயரிங்குக்கும் நடுக் கண்ணாடிக்கும் இடையே நிற்க வேண்டும். இந்த அமைப்பு ஓட்டுகிறவருக்கு மட்டும்தான், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இன்னும் மோசமாகக் கேட்கும், அதனால் வீட்டில் எல்லோரும் போகும் நாளுக்கு டைம் அலைன்மென்ட் இல்லாத இன்னொரு பிரீசெட் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாரண்டி போய்விடுமா? – கோவை வாசகர்

கம்பெனி வயரை வெட்டினால் வம்பு. உங்கள் மாடலுக்கான கப்ளர் (வெட்டாமல் செருகும் இணைப்பு) கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள், கழற்றினால் வண்டி பழைய நிலைக்கே வந்துவிடும். முன் கண்ணாடியின் ஓரத் தூணான ஏ-பில்லரில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் ட்வீட்டர் வயரை அதன் பின்பக்கமாகத்தான் கொண்டு போக வேண்டும், ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களைத் தொடவே கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பின் சீட்டில் உட்கார்ந்தால் "என்னடா ஒரே திம் திம்முங்குது, பாட்டு வரியே புரியல" என்கிறார். இதற்கு ஏதாவது ஸ்பீக்கர் இருக்கிறதா? – தஞ்சாவூர் வாசகர்

புது ஸ்பீக்கர் எதுவும் வாங்க வேண்டாம். வயதானால் காதில் முதலில் குறைவது மேல் ஒலிகள். 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் தெளிவு 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது, அதனால் அவருக்கு உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து நழுவிவிடுகிறது. ஊஃபர் வேறு பின் சீட்டுக்கு அடுத்தே இருந்தால் மிச்சமும் மூழ்கிவிடும். அவருக்கென்று தனி பிரீசெட் ஒன்று வையுங்கள்: ஊஃபர் ஆஃப், ஈக்வலைசரில் 125, 250 ஹெர்ட்ஸை 3 டெசிபல் குறைத்து, 2.5 கிலோஹெர்ட்ஸையும் 4 கிலோஹெர்ட்ஸையும் 3 டெசிபல் ஏற்றி, முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரைப் பின்பக்கம் இரண்டு படி தள்ளுங்கள். வால்யூமை ஏற்ற வேண்டாம். அவருக்கு வரி வரியாக மனப்பாடமான ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு, ரியர் வியூ கண்ணாடியில் அவர் உதட்டைப் பாருங்கள். கூடவே முணுமுணுத்தால் அந்த அமைப்பை அப்படியே சேமித்துவிடுங்கள்.