முடிவெட்ட ஊருக்கு வரலாமா?

அன்புள்ள ஐயா,

நான் சைதாப்பேட்டைக்காரன், இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. இங்கே சலூன் நாற்காலியில் உட்கார்ந்தாலே எனக்கு வியர்க்கிறது. போன மாதம் முடிவெட்டிய பெண் ஏதோ கேட்டார், நான் "மீடியம்" என்றேன், அவரும் தலையாட்டிவிட்டு மிஷினைப் போட்டு முக்கால் மொட்டை அடித்துவிட்டார். 32 யூரோ, நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். மண்டை மசாஜ் கூடக் கிடையாது. இனி ஊருக்கு வந்துதான் வெட்டிக்கொள்வது என்று முடியை வளர்க்கிறேன். மனைவி இதைக் கஞ்சத்தனம் என்கிறாள், நான் ஊர்ப்பாசம் என்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

எஸ்., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் மனைவி கட்சி.

முதலில் அந்த மீடியம். சைதாப்பேட்டையில் உங்களுக்கு வெட்டியவருக்கு உங்கள் தலை அத்துப்படி, சுழி எங்கே, எந்தப் பக்கம் முடி குத்திட்டு நிற்கும் என்பதெல்லாம் தெரியும், நீங்கள் வாயைத் திறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கோ அது அன்றைக்குத்தான் பார்த்த தலை. அங்கே மிஷின் கட்டிங் மில்லிமீட்டர் கணக்கு. 3 என்றால் தோல் தெரியும், 6 என்றால் நல்ல ஷார்ட், நீங்கள் நினைக்கிற மீடியத்துக்குப் பக்கவாட்டில் 9 அல்லது 12 கேட்டுப் பாருங்கள், மேலே கத்தரி மட்டும்தான் என்பதை உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை ஊரில் நன்றாக அமைந்தால் பக்கத்திலும் பின்னாலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் படத்தைக் காட்டாதீர்கள், அவர் முடி வேறு, நம் முடி வேறு.

அப்புறம் காசு. 32 யூரோவில் ஐந்து யூரோவுக்கு மேல் வரியாகவே போய்விடுகிறது, அங்கே மதிப்புக்கூட்டு வரி 19 சதவீதம். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அதோடு கடை வாடகை, காப்பீடு. முடிவெட்டுவது அங்கே பொதுவாக மூன்று வருஷம் பயிற்சி எடுத்துப் படிக்கிற தொழில், சொந்தமாகக் கடை போட வேண்டுமென்றால் பெரும்பாலும் அதற்கு மேலே இன்னொரு தேர்வும் எழுத வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்தப் பெண் உங்களிடம் கொள்ளையடிக்கவில்லை.

இங்கே என் தெருவில் கட்டிங் 150 ரூபாய். இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நாம் கேட்பதே இல்லை. இந்தத் தொழிலை ஒரு சாதியின் தலையில் கட்டி, வெட்டுகிறவருக்கு நம் அப்பா வயது இருந்தாலும் "ஏம்பா, கொஞ்சம் சீக்கிரம்" என்று அதட்டி, பத்து ரூபாய் ஏற்றினால் வாசலில் நின்று சண்டை போட்டுப் பழகியவர்கள் நாம். ஜெர்மனியில் வெட்டுகிறவர் நேரம் குறித்துக் கொடுக்கிறார், நீங்கள் அந்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு வியர்த்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஊர்ப்பாசம் என்கிறீர்கள். சென்னையில் இப்போது பல கடைகளில் கத்தரி பிடிப்பது உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன்கள். என் தெருக்கடையில் வெட்டுகிற பையனுக்குத் தெரிந்த தமிழ் உங்கள் ஜெர்மன் அளவுதான் இருக்கும், ஆனால் நன்றாக வெட்டுகிறான்.

மசாஜ் பற்றி ஒன்று. தலையைத் தட்டுவது வரை சரி. கழுத்தைப் பிடித்துப் பட்டென்று திருப்பிச் சொடுக்கெடுப்பார்களே, அதை இங்கே வந்தாலும் செய்ய விடாதீர்கள். அரிதாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் உள்ளே கிழிந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

கவனிப்பும் வேண்டும், காசும் குறைய வேண்டும் என்றால் துருக்கிக்காரர்கள் நடத்துகிற கடைகளைப் பாருங்கள். பல இடங்களில் முன்பதிவு தேவையில்லை, தாடியையும் ஒழுங்காகச் செய்வார்கள், காது முடியைத் தீயால் லேசாகப் பொசுக்குவார்கள், பயந்து எழுந்துவிடாதீர்கள். நம் ஊரில் செவ்வாய் மாதிரி அங்கே பல சலூன்களுக்குத் திங்கள் விடுமுறை, அதனால் அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். முடி ஒழுங்காக அமைந்தால் இரண்டு யூரோ சேர்த்துக் கொடுங்கள்.